யாழ்ப்பாணத்து வீட்டில் நச்சுமுள் மீன்: பெரிய லயனா, குட்டி லயனா, ஓராவா?

கோண்டாவிலில் இருக்கிற என் தங்கையின் கணவர் போன மாதம் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் மீன்தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே கல்லின்மேல் செட்டைகளை விசிறிபோல விரித்தபடி என் குட்டி லயன் மீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மச்சான், நானும் உப்புத்தண்ணித் தொட்டி ஒண்டு வைக்கப்போறன். லயன் மீன்தான் வேணும். பெரிசு வாங்கவா, இப்பிடிச் சின்னன் வாங்கவா?"

அவர் வீட்டில் நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறார்கள். வேலை காரணமாக மாதத்தில் நாலைந்து நாள் வெளியூரில் நிற்பார். அன்றைக்கு வாய்க்கு வந்த பதில் ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். பிறகு யோசித்தபோது அது போதாது என்று பட்டது. இதே கேள்வியோடு இருக்கிற வேறு ஆட்களுக்கும் உதவட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லா மீனும் அழகாகத்தான் நிற்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் வரக்கூடிய மிக மோசமான நாளை மனதில் கொண்டு வாருங்கள்: சித்திரை வெயில், கரண்ட் இல்லை, நீங்கள் ஊரிலும் இல்லை. அந்த நாளைத் தாண்டி உயிரோடு நிற்கக்கூடிய மீன் எது? நான் ஒப்பிடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். நச்சுமுள்ளின் பயத்தைவிட இது எனக்குப் பெரியது.

முதலில் முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாரும் கேட்பது அதைத்தான்.

லயன் மீனுக்கு முதுகில் 13, வயிற்றின் பின்பக்கம் 3, இடுப்புச் செட்டைக்கு ஒன்றாக 2, மொத்தம் 18 நச்சுமுட்கள். விசிறிபோல விரிகிற பக்கச் செட்டைகளில் நஞ்சு இல்லை. பார்க்கிறவர்கள் பயப்படுவது அந்தச் செட்டைக்கு, குத்துவதோ முதுகு முள். முள்ளின் இரண்டு பக்கத்திலும் நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடும். நஞ்சு சுரக்கும் திசு அதற்குள் இருக்கிறது. அதை ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கிறது. முள் கையில் ஏறும்போது அந்தத் தோல் பின்னுக்குத் தள்ளுப்பட்டு நஞ்சு காயத்துக்குள் இறங்கும். பாம்பைப்போல மீன் தானாக நஞ்சைச் செலுத்துவதில்லை, கைதான் முள்ளில் போய் அழுத்துகிறது. அதனால் தொட்டிக்குள் கையை எப்போது, எப்படி விடுகிறோம் என்பதில்தான் பாதுகாப்பு முழுக்க இருக்கிறது.

யாழ்ப்பாணத்தானுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கறிக்கு வாங்கும் ஓரா மீனின் முள் குத்தாத கை எந்தக் குசினியில் இருக்கிறது? பாசையூர்ச் சந்தையில் வாங்கி வந்த ஓராவை வெட்டும்போது எனக்குப் பெருவிரலில் ஏறியது. மீன் செத்து எவ்வளவோ நேரம், ஆனாலும் கடுப்பு முழங்கை வரைக்கும் வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கேத்திலில் இருந்த சுடுதண்ணீரைக் கோப்பையில் ஊற்றிப் பச்சைத்தண்ணீர் கலந்து, "கையை வை, எடுக்காத" என்றார். வைத்தியப் புத்தகங்களில் லயன் மீன் குத்துக்குச் சொல்லும் முதலுதவியும் அதுவே. நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் கெட்டுப்போகும்.

சரி, மீன்களுக்கு வருவோம்.

பெரிய லயன்

கடைகளில் 'வொலிட்டன்' என்று சொல்லி விற்பது இதுதான். டெரோயிஸ் வொலிட்டன்ஸ் பசிபிக் பக்கத்து மீன். இந்து சமுத்திரத்தில், நம் கடல் உட்பட, இருப்பது அதன் சகோதர இனமான டெரோயிஸ் மைல்ஸ். பார்வைக்கு இரண்டையும் பிரித்தறிவது சிரமம், வளர்ப்பு முறையும் ஒன்றுதான். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும், 38 சென்டிமீற்றர் வரைக்கும் போகும்.

அழகில் இதற்குப் போட்டி இல்லை. பகலிலும் ஒளியாமல் தொட்டியின் நடுவில் மிதந்தபடி நிற்கும். ஒரு கிழமைக்குள் உங்களை அடையாளம் கண்டுகொண்டு, நீங்கள் அறைக்குள் வந்தாலே கண்ணாடி ஓரத்துக்கு வந்து சாப்பாடு கேட்கும். என்னிடம் இருந்தது நான் வாசிக்கும் மேசைக்கு நேராகவே எப்போதும் நிற்கும். அந்தப் பழக்கத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் அதற்கு இடம் வேண்டும். ஆகக் குறைந்தது 450 லீற்றர், என்னைக் கேட்டால் 500க்கு மேல். 500 லீற்றர் தண்ணீர் மட்டும் அரை தொன் பாரம். கண்ணாடி, கல், மேசை அதற்கு மேலே. கீழ் வீட்டுச் சீமெந்துத் தரை தாங்கும். மேல்மாடியில் வைப்பதற்கு முன் வீடு கட்டிய மேசனிடம் ஒரு சொல் கேளுங்கள். கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதென்றால் 50 லீற்றர் உப்புத்தண்ணீர் ஒவ்வொரு கிழமையும் தயாராக இருக்க வேண்டும். இறைச்சி தின்கிற மீன், அள்ளிச் சாப்பிடும், அதே அளவுக்குக் கழிக்கும். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவி இல்லாமல் தண்ணீரை நல்லாக வைத்திருக்க முடியாது.

இன்னொரு விஷயம் ஆயுள். நன்றாகப் பார்த்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். இதைச் சொல்லும்போது நம்மூர்ப் பெடியன்கள் பலருக்கு ஒரு கேள்வி எழும்: அதற்குள் எனக்குக் கனடாவோ லண்டனோ சரிவந்துவிட்டால்? இது நியாயமான கேள்வி, வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு அடி நீள நச்சு மீனை அம்மா அப்பாவிடம் விட்டுவிட்டுப் போக முடியாது. பக்கத்து வீட்டிலும் எடுக்கமாட்டார்கள்.

கடலில் விடலாமே என்று நினைப்பீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் 1985இல் முதல் லயன் மீன் காணப்பட்டது. வளர்த்தவர்கள் விட்டவைதான் அதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். இன்றைக்குக் கரீபியன் கடல் முழுக்க அது பரவி, பவளப்பாறைகளில் இருந்த சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. ஒரு பெண் மீன் வருடத்தில் 20 லட்சம் முட்டை வரை இடும். நம் கடலில் மைல்ஸ் ஏற்கெனவே இருக்கிறதுதான். ஆனால் கடையில் வாங்கியது எந்தக் கடலில் இருந்து வந்தது, என்ன நோயோடு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

குட்டி லயன்

இது பெரிய லயனின் குஞ்சு அல்ல, டென்ட்ரோகைரஸ் என்ற வேறு இனம். கடைக்காரர்கள் 'டுவார்ஃப்' என்பார்கள். இதில் மூன்று வகை விற்பனைக்கு வரும். நான் வைத்திருப்பது செட்டை ஓரம் தும்பு தும்பாக இருக்கும் பிராக்கிப்டெரஸ். 17 சென்டிமீற்றருக்கு மேல் போகாது. வரிக்குதிரைக் கோடு போட்ட 'ஸீப்ரா' இன்னும் கொஞ்சம் பெரிதாகும். மூன்றாவது, பின்முதுகில் இரண்டு கண் வரைந்ததுபோலப் புள்ளி உள்ள பயோசெல்லேற்றஸ். மூன்றிலும் அதிசயமானது அதுதான், ஆனால் முதல் தடவை வளர்க்கிறவர்கள் அதைத் தொட வேண்டாம். உயிருள்ள இரையைத் தவிர எதையும் பார்க்காமல் கிழமைக்கணக்கில் பட்டினி கிடக்கும் பிடிவாதக்காரன் அது.

முள் எண்ணிக்கையும் நஞ்சும் பெரிய லயனைப் போலத்தான். சின்ன மீன் என்பதால் ஆபத்து சின்னது என்று நினைக்காதீர்கள். வித்தியாசம் எல்லாம் இடத்திலும் தண்ணீரிலும். 115 லீற்றரில் வைக்கலாம் என்று சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன், நம் வெயிலுக்கு அது போதாது. தண்ணீர் குறையக் குறைய அது சூடாவதும் கெடுவதும் வேகமாகும். 180 தொடக்கம் 200 லீற்றர் வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு 20 லீற்றர் மாற்றினால் போதும், அதாவது ஒரு தண்ணீர்க் கான். ஒரு ஆள் ஒரு கையால் தூக்கிவந்து ஊற்றிவிடலாம். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதால் செத்த மீன்கள்தான் அதிகம், பாரம் குறைவாக இருந்தால் தள்ளிப்போடமாட்டோம்.

ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. பகலில் கல்லிடுக்கில் போய் ஒதுங்கும். மைம்மல் பொழுதுக்குத்தான் வெளியே வந்து, தேரை உட்கார்ந்ததுபோலக் கல்லின்மேல் ஏறி இருக்கும். மிதந்து வலம் வருகிற அந்தக் கம்பீரம் இதனிடம் இல்லை. வேலைக்குப் போய்ப் பின்னேரம் வருகிறவர்களுக்கு இது குறையே இல்லை என்பேன். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமும் அது விழித்திருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது.

சாப்பாடு லயன் இனம் இரண்டுக்கும் ஒன்றுதான். புதிதாக வந்த மீன் அசைகிற இரையைத்தான் கொத்தும். கடல்நீரேரிப் பக்கம் கிடைக்கும் உயிருள்ள சின்ன இறால் முதல் இரண்டு கிழமைக்கு நல்ல துணை. அப்புறம் ஒரு நீளமான பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் உரித்த இறால் துண்டைக் குத்தி, மீனின் முகத்துக்கு முன்னால் மெதுவாக ஆட்டிக் காட்டுங்கள். நாலைந்து தடவை திரும்பிக்கொள்ளும். ஆறாவது தடவை வாயைத் திறக்கும். அந்த நொடிக்கு நீங்கள் தனியே கைதட்டிச் சிரிப்பீர்கள். கணவாய்க் கீறு, மீன் துண்டு எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கப்பி, தங்கமீன் போன்ற நன்னீர்க் குஞ்சுகளை வாங்கிப் போடுகிற பழக்கம் வேண்டாம். அவற்றின் கொழுப்பு கடல்மீனுக்கு ஒத்துவராது, ஈரல் கெட்டுச் சாகும். மலிவு என்று நெத்தலியையே ஒவ்வொரு நாளும் போடுவதும் பிழை. அதில் உள்ள தயமினேஸ் என்ற நொதி மீனின் பி1 விற்றமினை அழித்துவிடும். வளர்ந்த மீனுக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை சாப்பாடு காணும். ஒவ்வொரு நாளும் கேட்கும், கொடுக்காதீர்கள். மச்சானைப்போல நாலு நாள் வெளியூர் போகிறவருக்கு லயன் மீன் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். போகிற அன்று சாப்பிட்டுவிட்டு, நீங்கள் வரும்வரை சும்மா இருக்கும்.

வாய்க்குள் கொள்ளும் எந்த மீனும் அதற்கு இரைதான். நீமோவைப்போல ஒரு சின்ன மீனைச் சேர்த்து விட்டால் விடிய அது இருக்காது. செட்டையைக் கொறிக்கும் பேத்தை, கிளாத்தி இனங்களையும் சேர்க்க வேண்டாம்.

ஓரா

இந்த ஒப்பீட்டில் ஓரா ஏன் என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் கடல்மீன் வளர்ப்பவர்கள் பெரிய விலை கொடுத்து வாங்கும் மஞ்சள் நிற 'ஃபொக்ஸ்ஃபேஸ்' மீன் சிகானஸ் குடும்பம், ஓராவின் சொந்தக்காரன். பழைய விலங்கியல் நூல்களில் நம் ஓராவுக்கு 'சிகானஸ் ஓரமின்' என்றே ஒரு பெயர் உண்டு. ஓரா மீன் என்ற தமிழ்ச் சொல் லத்தீன் பெயருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோசம்.

முட்கள் லயனைவிட அதிகம்: முதுகில் 13, பின்வயிற்றில் 7, இடுப்பில் 4, ஆக 24. கடுப்பு லயனைவிடக் குறைவு என்பதுதான் பொதுவாகச் சொல்வது, எல்லா முள்ளையும் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை, ஓரா முள்ளின் கடுப்பு தெரியும். குணத்தில் லயனுக்கு நேர் எதிர். லயன் கையைக் கண்டால் சாப்பாடு என்று கிட்ட வரும். ஓரா கையைக் கண்டால் ஓடி ஒளியும், நிறத்தை மாற்றிக் கறுப்புத் திட்டுத் திட்டாகும். ஆக, ஓரா குத்துவது பெரும்பாலும் அதைப் பிடிக்கும்போதுதான்.

அதன் பெரிய பலம், அது நம் ஊர்த் தண்ணீருக்குப் பிறந்தது. கடல்நீரேரியின் சாதாழைக்குள், அதாவது கடற்புல்லுக்குள், வளர்கிற குஞ்சு, மாரியில் மழைத்தண்ணீர் கலந்து உப்புக் குறைவதையும் கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறுவதையும் வெயிலையும் பார்த்துப் பழகியது. நான் சொன்ன அந்த மோசமான நாளை மூன்றிலும் நன்றாகத் தாங்கக்கூடியது இதுதான். சாப்பாடும் வீட்டு வாசலில்: கஞ்சிப்பாசி, பச்சைக் கடற்பாசி, அவித்த கீரை. சிறகுவலையில் உயிரோடு பிடிபட்ட ஒரு குஞ்சை, வள்ளமும் வலையும் வைத்திருக்கும் தெரிந்த சம்மாட்டியிடம் சொல்லிவைத்தால் வாளியில் போட்டுத் தருவார்.

பிறகு ஏன் எல்லாருக்கும் அதையே சொல்லவில்லை? நாள் முழுக்க நீந்துகிற மீன் அது. ஒரு அடி வரை வளரும், ஓடித் திரிய நீளம் வேண்டும், பெரிய லயனுக்குச் சொன்ன அதே 450, 500 லீற்றர். பாசி தின்கிற மீன் என்பதால் ஒவ்வொரு நாளும், ஒரு நாளில் இரண்டு தடவை சாப்பாடு வேண்டும், நாலு நாள் விட்டுவிட்டுப் போக முடியாது. சாவகச்சேரிப் பக்கமோ பருத்தித்துறைப் பக்கமோ பெரிய வீடு, வீட்டில் எப்போதும் ஆள், பக்கத்தில் கடல் என்று இருக்கிறவர்களுக்கு நான் ஓராவைத்தான் சொல்வேன். நம் பிள்ளைகள் சட்டியில் மட்டும் பார்த்த மீன் கண்ணாடிக்குப் பின்னால் நிறம் மாறி நிற்பதைக் காட்டுவதே பெரிய காரியம்.

நாலாவதாக, மச்சான் கேட்ட இன்னும் இரண்டு மீன்களைச் சுருக்கமாகத் தள்ளிவிடுகிறேன். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டு, குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு நீந்தும் கடற்கெளிறு: பார்க்க ஆசையாக இருக்கும், தனியே விட்டால் வாடும், கூட்டமாக விட்டால் ஒவ்வொன்றும் 30 சென்டிமீற்றர் வரை வளரும், முதுகிலும் இரண்டு பக்கமும் அரம்போன்ற நச்சுமுள். கல்லைப்போலக் கிடக்கும் ஸ்டோன் ஃபிஷ்: வேண்டவே வேண்டாம். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து அவுஸ்திரேலியாவில் தயாரிக்கிறார்கள். நம் வீட்டு விறாந்தையில் வைக்கிற மீன் அல்ல அது.

தண்ணீர் எங்கிருந்து?

மீனைத் தெரிவு செய்வதைவிட இதில்தான் யாழ்ப்பாணத்தில் அதிகம் பிழை விடுகிறோம். மூன்று வழிகளை ஆட்கள் முயற்சி செய்கிறார்கள்.

கிணற்றுத் தண்ணீரில் கடலுப்பு கலப்பது முதலாவது. நம் கிணறுகள் சுண்ணக்கல்லில் இருந்து ஊறுபவை, தண்ணீர் கடினம். அதைவிட முக்கியம், வெங்காயமும் புகையிலையும் செய்கிற பக்கங்களில் பசளை இறங்கி நைத்திரேற்று கூடியிருக்கிறது. தொட்டியில் மாற்றித் தள்ள வேண்டிய அழுக்கையே புதுத்தண்ணீரோடு ஊற்றுகிறோம். உப்பும் அழுக்கும் வடித்தெடுத்துக் கடையில் விற்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. ஆனையிறவு உப்பு கறிக்கு அருமையான உப்பு, தொட்டிக்கு ஆகாது. உப்பளத்தில் கடல்நீரை வற்றவைக்கும்போது கல்சியமும் மக்னீசியமும் பிரிந்து போய் மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. மீன்தொட்டிக்கென்று வருகிற உப்புத்தூளைத்தான் வாங்க வேண்டும், லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம். 180 லீற்றர் தொட்டிக்கு முதல் நிரப்பலுக்கு ஆறு கிலோவுக்குக் கிட்ட, பிறகு கிழமைக்கு 700 கிராம். 500 லீற்றருக்கு 17 கிலோவுக்கு மேல், கிழமைக்கு 1,750 கிராம். பெரிய லயனுக்கும் குட்டி லயனுக்கும் உள்ள செலவு வித்தியாசம் மீனின் விலையில் இல்லை, இந்தத் தூளில் இருக்கிறது.

கடல்நீரேரித் தண்ணீரை அள்ளி வருவது இரண்டாவது. வேண்டாம். மாரியில் ஒரு உப்பு, கோடையில் ஒரு உப்பு, ஊர்க் கழிவும் அதற்குள்தான் போகிறது.

மூன்றாவது, திறந்த கடல். காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம் துறைமுகத்துக்கும் வாய்க்கால்களுக்கும் தூரமாக, கடல் ஏறி நிற்கும் நேரத்தில், மழை இல்லாத நாட்களில் எடுத்த தண்ணீர் நல்ல தண்ணீர். நான் இதைத்தான் பாவிக்கிறேன். துணியில் வடித்து, மூடிய பிளாஸ்டிக் பீப்பாவில் இரண்டு கிழமை இருட்டில் காற்றடித்து வைத்த பிறகே தொட்டிக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கடலுக்குப் போகாமல் உப்புத்தூளுக்கு மாறிக்கொள்வேன். எதை ஊற்றினாலும் உப்பை அளக்கிற கருவி ஒன்று கையில் இருக்க வேண்டும், ஒப்படர்த்தி 1.023க்கும் 1.025க்கும் நடுவில்.

சூட்டைப் பற்றி ஒரு சொல். புத்தகங்கள் 24 முதல் 27 பாகை என்று சொல்லும். தகரம் அல்லது சீற் போட்ட வீட்டில் சித்திரையில் தொட்டித் தண்ணீர் 31ஐத் தொடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், மீனின் தேவையோ கூடும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சின்ன விசிறியைப் பூட்டினால் ஆவியாகும் வேகத்தில் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்ததை நிரப்ப உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்ற வேண்டும். 500 லீற்றருக்கு விசிறி காணாது, தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் வேண்டும், அதற்கு வேறாகக் கரண்ட் பில்.

2022 பங்குனி

என் பெரிய லயன் எப்படிப் போனது என்பதைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை முடிக்க முடியாது.

அந்த வருடப் பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. என்னிடம் அப்போது இருந்தது 300 லீற்றர் தொட்டி. மீன் 30 சென்டிமீற்றர் தாண்டியிருந்தது. தொட்டி போதாது என்று தெரியும், பெரிதாக்குவேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் இரண்டு வாங்கி வைத்திருந்ததால் மீன் பகல் முழுக்கத் தாங்கியது. இரவு கரண்ட் வந்தது, பில்டர் தானாக ஓடத் தொடங்கியது, நான் நிம்மதியாகப் படுத்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியபடி சாய்ந்து கிடந்தது. மதியத்துக்குள் போய்விட்டது.

பிறகுதான் காரணம் விளங்கியது. என்னுடையது மூடிய உருளை வகைப் பில்டர். அதற்குள் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன, அவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். ஓட்டம் நின்று பல மணித்தியாலம் போனதும் அவை மூச்சில்லாமல் சாகத் தொடங்கி, உள்ளே இருந்த தண்ணீர் அழுகிவிட்டது. கரண்ட் வந்ததும் மோட்டர் அந்த அழுகல் முழுவதையும் மீனின்மேல் கொட்டியது. கரண்ட் வந்ததும் பில்டரை ஓடவிடாமல், திறந்து, பழைய தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் போட்டிருந்தால் அது பிழைத்திருக்கும். பில்டரின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருந்தாலே போதும். அந்தச் சின்ன வேலையைச் செய்யாத துக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

குட்டி லயனுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். 16 சென்டிமீற்றர் மீன் 180 லீற்றரில் நிற்கும்போது, ஒரு மீனுக்குக் கிடைக்கும் தண்ணீரும் ஒட்சிசனும் அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு. ஒரு சின்னப் பற்றரிப் பம்ப் இரவு முழுக்கக் காப்பாற்றும். பில்டரையும் மாற்றிவிட்டேன், தொட்டிக்குள்ளேயே கல்லும் பஞ்சும் திறந்தபடி இருக்கிற முறை, மோட்டர் நின்றாலும் உள்ளே அழுகாது. பெரிய லயனே வேண்டும் என்கிறவர்கள் இன்வேர்ட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

குத்தினால்

லயனோ ஓராவோ, முதல் வேலை சுடுதண்ணீர். 43 முதல் 45 பாகை, அதற்கு மேல் போனால் கை அவிந்துவிடும். குத்துப்பட்ட கைக்கு வலியில் சூடு தெரியாது, அதனால் நல்ல கையை முதலில் விட்டுப் பாருங்கள். 30 நிமிடம் தொடக்கம் ஒன்றரை மணித்தியாலம் வரை, ஆற ஆறச் சூடு சேர்த்து வைத்திருங்கள். முறிந்த முள் மேலே தெரிந்தால் எடுங்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. வலி சில மணித்தியாலத்தில் குறையும், வீக்கம் சில நாள் நிற்கலாம். மூச்சு முட்டினாலோ தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, குத்துப்பட்டது பிள்ளை என்றாலோ சுடுதண்ணீரோடு நிற்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றவர்களும் ஏற்புத்தடை (ரெற்றனஸ்) ஊசியைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

குத்தாமல் இருக்க: மீனை வலையால் அள்ளாதீர்கள், முள் சிக்கிக்கொண்டு எடுக்கப் போகும்போதுதான் குத்தும். அகலமான பிளாஸ்டிக் சாடியைத் தண்ணீருக்குள் சாய்த்து அதற்குள் ஓட்டுங்கள். றப்பர்க் கையுறை முள்ளைத் தடுக்காது. கண்ணாடி துடைக்கும்போது மீனை ஒரு பக்கம் விட்டு நடுவில் ஒரு தட்டைப் போட்டு மறியுங்கள். தலையைக் கீழே சாய்த்து முதுகு முள்ளை உங்கள் பக்கம் திருப்பினால் அது எச்சரிக்கை, கையை மெதுவாக எடுங்கள். தனியாக வீட்டில் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடும் வேலை வேண்டாம்.

மச்சானுக்கு என்ன சொன்னேன்

அவருடைய வீட்டுக்கு ஓரா சரிவராது, ஒவ்வொரு நாளும் பாசி போட ஆள் இல்லை. பெரிய லயனுக்கு இடமும் இல்லை, இன்வேர்ட்டரும் இல்லை. 200 லீற்றரில் ஒரே ஒரு குட்டி லயன், பிராக்கிப்டெரஸ். மகளுக்காகப் பூட்டுப் போடும் மூடி, திறப்பு அலுமாரியின் மேல்தட்டில். லயன் மீன் கையைக் கண்டால் சாப்பாடு என்று மேலே வரும் என்பதால் அந்த மூடியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "பூட்டில்லாட்டி மீன் வேண்டாம் மச்சான்" என்று நேரே சொல்லிவிட்டேன். தங்கையும் அதையே சொன்னாள்.

தொட்டி வந்துவிட்டது. கல்லும் மணலும் போட்டு, காங்கேசன்துறைத் தண்ணீர் ஊற்றி, இறால் துண்டு ஒன்றை உள்ளே அழுகவிட்டிருக்கிறோம், பற்றீரியா வளர்வதற்கு. நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு இறங்கும்வரை மீன் இல்லை. கொழும்பில் இருந்து றெஜிபோம் பெட்டியில் இரவு பஸ்ஸில் வருகிற மீன், களைத்துப்போய் வரும். அது இறங்குகிற தண்ணீர் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நேற்று மூன்றாம் கிழமைச் சோதனைக்குப் போனேன். மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "மாமா, மீன் எங்க?" என்றாள். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுக் காட்டினேன். பச்சை நிறம் வந்தது, அமோனியா இன்னும் இருக்கிறது. மஞ்சளாக வந்தால் மீன் வரும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை அவளே மருந்து விடுவாளாம்.